கடைசி வரிசையின் பெரிய வாத்தியம்



ஜொகூரின் குளுவாங்கிலிருந்து ஓர் அம்மா எழுதியிருந்தார். அவருடைய மகள் சீன இடைநிலைப்பள்ளியில் படிக்கிறாள். பள்ளியின் சீன இசைக்குழுவில் எர்ஹு கற்றுக்கொள்ளப் போனவளை, "நீ நல்ல உயரம்" என்று சொல்லி டபுள் பேஸ் பக்கம் அனுப்பிவிட்டார்களாம். முதலில் அழுதவள் இப்போது அதை விட மாட்டேன் என்கிறாள். எஸ்.பி.எம். முடிந்ததும் இசைதான் படிப்பேன் என்று நிற்கிறாள். "வயலின் என்றாலாவது சொந்தக்காரர்களிடம் சொல்லிக்கொள்ளலாம். ஆளைவிட உயரமான இந்த வாத்தியத்தை வைத்துக்கொண்டு என் பிள்ளை எப்படிப் பிழைப்பாள்?" என்பது அவருடைய கேள்வி.

மருத்துவம், சட்டம், கணக்கியல் என்றால் நம் குடும்பங்களில் யாராவது ஒருவர் அந்த வழியில் நடந்திருப்பார். எந்தப் படிவத்தில் எந்தப் பாடம், எந்தப் பல்கலைக்கழகம், எத்தனை ஆண்டு என்று மாமாவோ சித்தியோ சொல்லிவிடுவார்கள். மேற்கத்தியச் செவ்வியல் இசையில், அதுவும் டபுள் பேஸில், வழி சொல்ல ஆள் கிடையாது. அதனால் இந்த மாதம் என் பக்கத்தை அந்தக் கேள்விக்கே ஒதுக்குகிறேன்.

சீன இசைக்குழுவில் ஐரோப்பிய வாத்தியமா என்று சிலர் கேட்கலாம். இருபதாம் நூற்றாண்டில் உருவான பெரிய சீன இசைக்குழுக்கள், கீழ் ஸ்தாயிக்கு அடர்த்தி போதவில்லை என்று செல்லோவையும் டபுள் பேஸையும் சேர்த்துக்கொண்டன. 1996ல் அமைந்த சிங்கப்பூர் சீன இசைக்குழுவிலும் இவை உண்டு. நம் பிள்ளைகள் பலர் இந்த வாத்தியத்தை முதன்முதலில் தொட்டுப் பார்ப்பது சீனப் பள்ளி மண்டபத்தில்தான்.

வயலினோடு சேர்ந்து ஒலிக்கும் வில் வாத்தியங்களில் மிகப் பெரியது டபுள் பேஸ். நிமிர்த்தி வைத்தால் ஏறக்குறைய ஆறடி. வயலினில் தந்தி அதிரும் நீளம் சுமார் 33 சென்டிமீட்டர். இதில் ஒரு மீட்டரைத் தாண்டும். தடித்த தந்தி விநாடிக்கு 41 முறைதான் அதிர்கிறது. வயலின் வாசிப்பவரின் கை ஒரே இடத்தில் இருந்தபடி பல ஸ்வரங்களைத் தொட்டுவிடும். இங்கே கழுத்தின் மேற்பகுதியில் ஸ-வுக்கும் சதுஸ்ருதி ரி-க்கும் உள்ள தூரத்தைப் பிடிக்கவே கை முழுதும் விரிய வேண்டும். அந்த இடத்தில் மோதிர விரல் தனியாக வேலை செய்வதில்லை. சுண்டு விரலுக்குத் துணையாக நிற்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வியன்னாவில் வாழ்ந்த பிரான்ஸ் சிமாண்டல் வகுத்த இந்தப் பாடமுறை இன்றும் உலகெங்கும் நடக்கிறது. வில்லைப் பிடிப்பதிலும் இரண்டு மரபு: பிரெஞ்சுக்காரர்கள் மேலிருந்து பிடிப்பார்கள், ஜெர்மானியர்கள் உள்ளங்கையைப் பக்கவாட்டில் திருப்பிப் பிடிப்பார்கள். எந்த ஆசிரியரிடம் தொடங்குகிறோமோ அந்தப் பிடிதான் பெரும்பாலும் கடைசிவரை நிலைக்கிறது.

இதன் ஓசை நமக்குப் புதிதன்று. ஐம்பது, அறுபதுகளின் தமிழ்ப் படப் பாடல்களில் தாளத்துக்கு அடியில் 'தும் தும்' என்று விரலால் மீட்டிய ஒலி கேட்கிறதே, அது பெரும்பாலும் டபுள் பேஸ்தான். பிறகு அந்த இடத்துக்கு பேஸ் கிட்டார் வந்தது. இளையராஜா பாடல்களில் கீழே ஓடும் பேஸ் வரியைத் தனியாகப் பிரித்துக் கேட்டு ரசிக்கும் கூட்டமே நம்மிடம் உண்டு. 2025 மார்ச் 8 அன்று லண்டனில் ராயல் பில்ஹார்மோனிக் இசைக்குழு அவருடைய சிம்பொனியை வாசித்ததை நம் வாசகர்கள் கொண்டாடினார்கள். அப்படிப்பட்ட மேடையில் பின்வரிசையில் உயர்ந்த முக்காலிகளில் அமர்ந்திருப்பவர்கள்தான் டபுள் பேஸ்காரர்கள். நாதஸ்வர மேளத்தில் ஒத்து ஊதுகிறவரை யாரும் கவனிப்பதில்லை. அவர் நிறுத்தினால் எல்லாருக்கும் தெரிந்துவிடும். அந்த நிலைதான் இவர்களுக்கும்.

குளுவாங் அம்மாவுக்கு முதலில் சொல்ல விரும்புவது இது: தானாக விரும்பிப் போய் இந்த வாத்தியத்தை எடுக்காமல், இடம் இங்கேதான் இருக்கிறது என்று தள்ளப்பட்டவர்கள் இதன் வரலாற்றில் நிறைய. இத்தாலியின் ஜோவானி போத்தெசினி சிறுவயதில் வயலின் கற்றவர். 1835ல் மிலான் இசைக்கல்லூரியில் சேரப் போனபோது உதவித்தொகையோடு மீந்திருந்த இடங்கள் பாசூனுக்கும் டபுள் பேஸுக்கும்தான். வசதியில்லாத வீட்டுப் பையன். சில வாரங்கள் டபுள் பேஸைப் பழகி, தேர்வில் வாசித்து, இடம் பிடித்தார். பின்னாளில் ஐரோப்பாவும் அமெரிக்காவும் வியந்து கேட்ட தனிக் கச்சேரிக்காரர் ஆனார். 1871 டிசம்பர் 24 அன்று கெய்ரோவில் வெர்டியின் 'ஐடா' இசைநாடகம் முதன்முதலாக மேடையேறியபோது அதை நடத்தியவர் அவரே. கடைசியில் பார்மா நகர இசைக்கல்லூரியின் தலைவராக இருந்து 1889ல் மறைந்தார்.

ரஷ்யாவின் செர்கே குசவித்ஸ்கி கதையும் அதே மாதிரி. 1874ல் ஏழை யூதக் குடும்பத்தில் பிறந்து, பதினான்கு வயதில் மாஸ்கோவுக்குப் போனார். உதவித்தொகை கிடைக்கும் வாத்தியம் என்பதால் டபுள் பேஸை எடுத்தார். இருபது வயதில் போல்ஷோய் அரங்கின் இசைக்குழுவில் வேலை. அவர் எழுதிய டபுள் பேஸ் கன்செர்ட்டோ இன்று உலகத்து மாணவர்களெல்லாம் கற்கும் பாடம். 1924 முதல் 1949 வரை பாஸ்டன் சிம்பொனியின் நடத்துநர். 1940ல் அவர் டாங்கிள்வுட்டில் தொடங்கிய கோடைக்கால இசைப்பள்ளியின் முதல் மாணவர்களில் ஒருவர் லெனார்ட் பெர்ன்ஸ்டைன்.

நம் காலத்துக்கு வந்தால் எடிக்சன் ரூயிஸ். வெனிசுவேலாவின் கராகஸ் நகரில் 1985ல் பிறந்தவர். அம்மாவின் சுமையைக் குறைக்கப் பேரங்காடியில் பகுதி நேர வேலை பார்த்த சிறுவன், பதினோரு வயதில் டபுள் பேஸைத் தொட்டான். ஹொசே அந்தோனியோ அப்ரேயு 1975ல் தொடங்கிய 'எல் சிஸ்டெமா' என்ற இசைக்கல்வித் திட்டம் எளிய வீட்டுப் பிள்ளைகளுக்கு வாத்தியமும் பாடமும் கொடுத்து வந்தது. பதினேழு வயதில் ரூயிஸ் பெர்லின் பில்ஹார்மோனிக்கில் இடம் பிடித்தார்.

இவர்களைச் சொல்வது உங்கள் மகளும் பெர்லின் போவாள் என்று ஆசை காட்ட அல்ல. மூவர் கதையிலும் கைக்காசு இல்லாத பிள்ளைக்கு யாரோ ஓர் இடத்தையும் ஓர் ஆசிரியரையும் கொடுத்திருக்கிறார்கள். திறமை அதற்குப் பிறகுதான் வெளியே தெரிந்தது. ஜொகூரில் நாம் யோசிக்க வேண்டியதும் அந்த இடத்தையும் ஆசிரியரையும் பற்றித்தான்.

இனி நம் ஊர் வழி. பள்ளிக் குழுவில் தொடங்கும் பிள்ளைக்கு அடுத்த தேவை தனி ஆசிரியர். கூட்டத்தோடு வாசித்துப் பழகியவர்கள் தோளையும் முதுகையும் தவறாக வைத்து வலியை வாங்கிக்கொள்வது சாதாரணம். அதைத் திருத்த ஒருவர் அருகில் நின்று பார்க்க வேண்டும். ஜொகூர் பாருவின் தாமான்களில் பியானோ ஆசிரியர் கிடைப்பதுபோல டபுள் பேஸ் ஆசிரியர் கிடைப்பதில்லை. அதனால் பலருடைய பார்வை பாலத்துக்கு அப்பால் சிங்கப்பூருக்குப் போகிறது. 1979 ஜனவரியில் முதல் கச்சேரி செய்த சிங்கப்பூர் சிம்பொனி இசைக்குழு அங்கே இருக்கிறது. 2003ல் முதல் மாணவர்களைச் சேர்த்த யோங் சியூ தோ இசைக்கல்லூரி தேசியப் பல்கலைக்கழக வளாகத்தில் இருக்கிறது. 1938ல் தொடங்கிய நன்யாங் நுண்கலைக் கழகமும் உண்டு. தூரம் ஒரு கிலோமீட்டர் பாலம்தான். நாணய மாற்றுதான் பெரிய பாலம். ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு மூன்று ரிங்கிட்டுக்கும் மேல் கொடுக்க வேண்டியிருக்கிறது.

பாடம் ஒழுங்காக நடக்கிறதா என்று பெற்றோர் அறிய உதவுவது தரத்தேர்வுகள். 1889ல் இங்கிலாந்தில் தொடங்கிய ஏ.பி.ஆர்.எஸ்.எம். வாரியமும் டிரினிட்டி கல்லூரியும் டபுள் பேஸுக்கும் எட்டு நிலைத் தேர்வுகள் நடத்துகின்றன. அதற்கு மேல் டிப்ளோமா. இளையராஜா கிளாசிக்கல் கிட்டாரில் எழுதித் தேறியது இதே டிரினிட்டி தேர்வைத்தான். எட்டாம் நிலையை நன்றாகத் தாண்டிய பிள்ளை இசைப் பட்டப்படிப்புக்குத் தயார் என்று பொதுவாகச் சொல்லலாம்.

உள்நாட்டில் படிக்கச் செர்டாங் புத்ரா பல்கலைக்கழகம், கோலாலம்பூரின் அஸ்வாரா கலைக்கழகம், யு.சி.எஸ்.ஐ. தனியார் பல்கலைக்கழகம் ஆகியவற்றில் இசைத்துறைகள் உண்டு. பள்ளி ஆசிரியராக விரும்புகிறவர்கள் தஞ்சோங் மாலிமில் உள்ள சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்தைப் பார்க்கலாம். விண்ணப்பிக்கும் முன் ஒன்றை மட்டும் நேரில் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்: டபுள் பேஸுக்கென்று தனி ஆசிரியர் அங்கே இருக்கிறாரா? இல்லையென்றால் கட்டடம் எவ்வளவு அழகாக இருந்தாலும் பயன் குறைவு.

படித்து முடித்த பிறகு? எல்லாரும் கனவு காண்பது முழுநேர இசைக்குழு வேலை. மலேசியாவில் அதற்குப் பெரிய பெயர் மலேசிய பில்ஹார்மோனிக். 1998 ஆகஸ்ட் 17 அன்று பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரத்தின் அடியில் உள்ள அரங்கில் அதன் முதல் கச்சேரி நடந்தது. முதல் அணியில் பெரும்பாலோர் வெளிநாட்டினர். மலேசிய இளையோரைத் தயார்செய்ய அதன் இளையோர் இசைக்குழு 2006ல் அமைந்தது. ஒரு பெரிய சிம்பொனி குழுவில் வயலின்காரர்கள் முப்பது பேர் இருந்தால் டபுள் பேஸ்காரர்கள் எட்டுப் பேர். ஒருவர் முப்பது ஆண்டு வேலை பார்த்தால், எட்டு நாற்காலிகளில் ஒன்று காலியாகச் சராசரியாக நான்கு ஆண்டு ஆகும்.

அந்த ஒரு நாற்காலிக்குத் தேர்வு நடக்கும்போது பல குழுக்களில் வாசிப்பவர் திரைக்குப் பின்னால் நிற்பார். ஆணா பெண்ணா, எந்த இனம் என்று தேர்வாளர்களுக்குத் தெரியாது. காலடி ஓசையில் கண்டுபிடித்துவிடக் கூடாது என்று கம்பளம்கூட விரிப்பார்கள். பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனியில் பேஸ்கள் வேகமாக ஓடும் மூன்றாம் பகுதி, ஒன்பதாம் சிம்பொனியின் இறுதிப் பகுதியில் பேஸ்களும் செல்லோக்களும் பேசுவதுபோல் வரும் இடம், மாலரின் முதல் சிம்பொனியில் வரும் தனி வாசிப்பு, டிட்டர்ஸ்டார்ஃபின் கன்செர்ட்டோ போன்றவை அடிக்கடி கேட்கப்படும். சில நிமிடங்களில் தீர்ப்பு வந்துவிடும். அந்தச் சில நிமிடங்களுக்காக ஆண்டுக்கணக்கில் தினமும் உட்கார்ந்து பழக வேண்டும்.

நாற்காலி கிடைக்காதவர்கள் பட்டினி கிடப்பதில்லை. டபுள் பேஸ்காரர்கள் குறைவு என்பதே இங்கே அவர்களுக்கு வாய்ப்பு. ஜாஸ் குழு, தேவாலயப் பாடகர் குழு, இசைநாடகம், சீனப் புத்தாண்டுக் கச்சேரி, ஒலிப்பதிவு என்று எங்கும் அடிச்சுருதிக்கு ஒருவர் வேண்டும். ஜொகூரில் ஜாவா வம்சாவளியினர் பேணிவரும் குரோஞ்சோங் இசையில் டபுள் பேஸை வில்லில்லாமல் விரலால் மீட்டுகிறார்கள். இந்த மண்ணின் இசையே கலந்து வளர்ந்ததுதான். இந்தியாவின் ஆர்மோனியமும் தபேலாவும், அரபு வழி வந்த காம்புஸும், ஐரோப்பாவின் வயலினும் ஒரே பாயில் உட்காரும் ஜொகூர் கஸல் நம் பக்கத்துத் திருமண வீடுகளிலேயே ஒலிக்கிறது. ஜொகூரின் மாநில கீதத்துக்கு 1879ல் மெட்டு அமைத்த பேண்ட் மாஸ்டர் ஓர் ஆர்மேனியர். ஆகவே, தமிழ்ப் பெண்ணுக்கு ஜெர்மன் வில் எதற்கு என்று யாராவது கேட்டால் பதில் சொல்லச் சங்கடப்பட வேண்டியதில்லை.

ஆனாலும் பெரும்பாலான வாத்தியக்காரர்களின் மாத வருமானத்தைத் தாங்குவது கற்பித்தல்தான். இசைக்குழுவில் நிலையான வேலை உள்ளவர்களும் கற்பிக்கிறார்கள். மலேசிய பில்ஹார்மோனிக்கில் டபுள் பேஸ் வாசிக்க வந்த ஜப்பானியர் நவோஹிசா ஃபுருசாவா, பின்னர் அதே குழுவின் உறைவிட நடத்துநராக உயர்ந்து, இளையோர் இசைக்குழுவையும் நடத்தியிருக்கிறார். பின்வரிசையில் இருந்து முழுக் குழுவையும் கேட்டுக் கேட்டுப் பழகியவர்களுக்கு நடத்துவதும் கற்பிப்பதும் இயல்பாக வருகின்றன என்பது என் எண்ணம். போத்தெசினியும் குசவித்ஸ்கியும் அதற்குப் பழைய சாட்சிகள்.

நம் சமூகத்தில் ஒரு பழக்கம் உண்டு. மேடை ஏறாதவன் வாத்தியார் ஆனான் என்று பேசுவோம். டபுள் பேஸ் உலகில் இந்தப் பேச்சு எடுபடாது. எட்டு வயதுப் பிள்ளைக்கு எட்டில் ஒரு பங்கு அளவு வாத்தியத்தைப் பிடிக்கச் சொல்லிக்கொடுப்பதும், வளரும்போது கால், அரை என்று மாற்றித் தருவதும், முதுகு வளையாமல் பார்த்துக்கொள்வதும் தனிக் கல்வி. பெரியவர்கள் வாசிப்பதே முக்கால் அளவு என்ற வேடிக்கையை முதல் வகுப்பிலேயே பிள்ளைகள் தெரிந்துகொள்வார்கள். முன்பெல்லாம் உடம்பு வளர்ந்த பிறகே இதைத் தொடங்க முடியும் என்று நினைத்தார்கள். இங்கிலாந்தில் ராட்னி ஸ்லாட்ஃபோர்ட் போன்ற ஆசிரியர்கள் சிறுவர்களுக்கான குட்டி டபுள் பேஸ்களைப் பரப்பி அந்த எண்ணத்தை மாற்றினார்கள். ஓர் ஆசிரியர் ஓர் ஊரில் பத்தாண்டு இருந்தால் அந்த ஊரில் பேஸ்காரர்கள் உருவாகிறார்கள். ஆசிரியர் இல்லாத ஊரில் நல்ல காதுள்ள பிள்ளைகூடப் பள்ளியோடு விட்டுவிடுகிறது.

பணத்தைப் பற்றியும் ஒளிவுமறைவில்லாமல் பேசிவிடுவோம். பள்ளியில் இருக்கும் ஒட்டுப்பலகை வாத்தியம் தொடக்கத்துக்குப் போதும், அவசரப்பட்டு வாங்காதீர்கள். முழு மரத்தில் செதுக்கிய நல்ல டபுள் பேஸ் ஒரு காரின் விலைக்குப் போகும். நம் ஈரக்காற்றிலிருந்து குளிர்சாதன அறைக்கும் மறுபடி வெளியிலுமாக அலைந்தால் மரத்தின் ஒட்டு விடும், பலகை வெடிக்கும். அதைப் பழுதுபார்க்கும் செலவும் உண்டு. தனியாகக் கற்பிப்பவருக்குப் பள்ளி விடுமுறை மாதங்களில் வருமானம் மெலியும். ஆகவே முதல் சம்பளத்திலிருந்தே ஊழியர் சேமநிதியில் சுயமாகப் பணம் போடும் வழக்கம் வேண்டும். சுயதொழில் செய்வோருக்கான ஐ-சாரான் திட்டத்தில் அரசும் தன் பங்குக்குக் கொஞ்சம் சேர்க்கிறது. சொக்சோவின் சுயதொழில் பாதுகாப்பில் கலைத்துறையினரும் சேரலாம். கையையும் தோளையும் நம்பிப் பிழைப்பவர்களுக்கு அது அவசியம்.

அம்மா, உங்கள் கேள்விக்கு என் பதில்: படிக்க விடுங்கள், ஆனால் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு விடுங்கள். எஸ்.பி.எம்.மில் மொழிகளும் கணிதமும் நன்றாக இருக்கட்டும். எந்தக் கதவையும் மூட வேண்டியதில்லை. ஓராண்டு தனி ஆசிரியரிடம் அனுப்புங்கள். நீங்கள் சொல்லாமலே தினமும் வில்லை எடுக்கிறாளா என்று பாருங்கள். எடுத்தால், பட்டப்படிப்புக்கு அனுப்பலாம். வாசிப்பு, கற்பித்தல் இரண்டையும் சேர்த்தே அவள் திட்டமிட வேண்டும். ஒன்றை மட்டும் நம்பினால் கஷ்டம், இரண்டும் இருந்தால் கௌரவமான பிழைப்பு. மாதம் பிறந்தால் நிலையான சம்பளம் வேண்டும் என்றால், பயிற்சி பெற்ற பள்ளி இசை ஆசிரியர் வேலை இருக்கிறது.

கடைசியாக, தமிழ்ப்பள்ளிகளின் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களில் பொறுப்பு வகிக்கும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். பல பள்ளிகளில் வயலின் வகுப்பு தொடங்குவது பற்றிப் பேச்சு வருகிறது; மகிழ்ச்சி. வயலின்களோடு ஒரு செல்லோவும் சிறுவர் அளவில் ஒரு டபுள் பேஸும் சேர்த்து வாங்குங்கள். வாத்தியம் வாங்க நன்கொடை திரட்டும்போதே, இரண்டு ஆண்டுக்கு ஆசிரியர் சம்பளத்தையும் கணக்கில் சேருங்கள். பாடம் எடுப்பவருக்கு "நம்ம பிள்ளைங்கதானே" என்று சொல்லிக் கூலியைக் குறைக்காதீர்கள். ஆசிரியர் தங்கும் ஊரில்தான் வாத்தியம் ஒலிக்கும். ஆசிரியர் போய்விட்டால் அது பள்ளி ஸ்டோர் அறையில் தூசு படிந்து கிடக்கும்.

அன்புடன்,
ஆசிரியர்